எச்சச் செல் நிலையத்துக்கு வந்த ஒரே பல்

அஞ்சலாட்சிக்கு வாயைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி தேங்காய்த்திட்டுத் துறைமுகம் முழுக்கப் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படகுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். மீன் வாங்க வரும் வியாபாரிகள், முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பவே சிரமப்பட்டார்கள்.

ஐந்து படகுகளின் மீனை ஏலம் விடுகிறவள் அஞ்சலாட்சி. வயது முப்பத்தெட்டு. அவள் ஏலம் கூறினால் விலையைக் குறைத்துக் கேட்க நினைத்தவர்கூடத் தன்னையறியாமல் கூட்டிக் கேட்டுவிடுவார். அப்படிப்பட்ட வாய் இப்போது ஒரு விரல்கூட நுழைய முடியாதபடி பூட்டிக்கொண்டது. வலது கன்னம் வீங்கி, காது வரை வலித்தது. அவளுடைய ஓரகத்தி வினோதா, "ரெண்டு நாளைக்கு நான் பாத்துக்கறேன்க்கா" என்று சொல்லி ஏலக் கூடைகளின் முன்னால் போய் நின்றாள். அவள் நின்ற வேகம்தான் அஞ்சலாட்சிக்குப் பல்லைவிட அதிகமாக வலித்தது.

தவளக்குப்பம் சந்திப்பில் இருக்கும் பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"ஞானப்பல்லும்மா. நிமிர்ந்து வராம பக்கத்துப் பல்லு மேல தலை வச்சுப் படுத்திருக்கு. மேல ஈறு மூடிக்கிட்டு சீழ் வைக்குது. மாத்திரை தரேன், வீக்கம் வடியும். ஆனா எடுத்துத்தான் ஆவணும்."

"நீங்களே எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் அஞ்சலாட்சி, பல்லைக் கடித்தபடி. வேறு விதமாகப் பேச அவளால் முடியவில்லை.

"வேரு நல்லாத்தான் இருக்கு, ஆனா நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்கு. கை கொஞ்சம் தப்புனாலும் கீழ் உதடு மரத்தே கெடக்கும். உனக்கு வாய்தானே பொழப்பு? லாஸ்பேட்டையில ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க பூர்ணிமான்னு ஒரு சர்ஜன் இருக்காங்க. அவங்க கை நல்ல கை. போய்ப் பாரு."

மாத்திரை போட்டு நான்கு நாளில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஐந்தாம் நாள் அஞ்சலாட்சி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனாள்.

அந்த நிலையத்தின் முழுப்பெயர் 'மலாசே எச்சச் செல் ஆய்வு நிலையம்'. பல்லின் வேரைச் சுற்றி இருக்கும் ஒரு வகைச் செல்களை நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னால் விவரித்து எழுதியவர் மலாசே என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே தாளில் எழுதி அனுப்பியதால் நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால் அடித்த புயலில் பெயர்ப்பலகையில் 'லா'வின் கால் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து பலகை 'மலசே எச்சச் செல்' என்றுதான் தொடங்கியது. கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, "நாலு நாளா போவல சார்" என்று முறையிட்டிருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பிய பிறகு, விழுந்த காலை மறுபடி ஒட்டுவது பழுதுபார்ப்பா, புதுப் பணியா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழு இதுவரை ஆறு முறை கூடியிருக்கிறது.

வரவேற்பு மேசையில் கண்காணிப்பாளர் ராமலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"பொன்ழூர்" என்றார்.

அஞ்சலாட்சி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"காலையில வர்றவங்களுக்கு பிரெஞ்சுல அப்படித்தான் வணக்கம் சொல்லணும்னு சுற்றறிக்கை. நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேணாம். என்ன விஷயம்?"

"பல்லு வலிக்குது சார்."

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா, ஆராய்ச்சி நிலையம். நோயாளிங்க உள்ள வரக்கூடாது."

"பூர்ணிமா டாக்டரப் பாக்கணும். ஞானப்பல்ல எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. வேரு நல்லா இருக்காம், பல்லு வந்த வழிதான் சரியில்லயாம்."

ராமலிங்கம் மெல்ல எழுந்து நின்றார். "வேரு நல்லாருக்கா? எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினார்.

விஷயம் இதுதான். அந்த நிலையம் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. பல் வேரைச் சுற்றியுள்ள செல்களைப் பிரித்தெடுத்து வளர்ப்பது அதன் வேலை. அதற்கு அப்போதுதான் பிடுங்கிய பல் வேண்டும். ஆனால் நிலையத்தின் பதினான்காம் விதிப்படி, பல் கொடுப்பவர் நோயாளியாக இருக்கக் கூடாது. அதே சமயம் அவருடைய பல் பிடுங்க வேண்டிய பல்லாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் ஐந்து வருடமாகக் கிடைக்கவில்லை. சர்ஜன் பூர்ணிமா வாரம் இரண்டு நாள் வந்து, கருவிகளைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, எடுத்து வைத்துவிட்டுப் போவார். செல் வளர்க்கும் பெட்டி நெகிழித் தாள்கூடப் பிரிக்காமல் நின்றது. ஆய்வகத்தில் துர்கா என்ற ஒரே ஒரு பெண் வேலை செய்தாள். கோப்புகளில் அவள் இடத்துக்கு 'மிகைப் பணியிடம், தற்காலிகம்' என்று பெயர்.

இயக்குநர் டாக்டர் சந்திரமோகன் கீழே இறங்கி வந்தார். ஓய்வு பெறும் வயதைத் தாண்டி மூன்றாவது பணி நீட்டிப்பில் இருந்தவர். அஞ்சலாட்சியை நாற்காலியில் உட்கார வைத்தார். ஆனால் பார்த்ததெல்லாம் அவளுடைய கன்னத்தைத்தான்.

"அம்மா, உங்களுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

"சீழ்னு சொன்னாரு சார்."

"அதுக்கும் கீழ! பல்லு உருவாகுறப்ப, வேரை வளர்க்கறதுக்குன்னே ஒரு செல் உறை வரும். வேர் வளர்ந்து முடிஞ்சதும் அந்த உறை கிழிஞ்சு போயிடும். ஆனா கொஞ்சம் செல்லுங்க போகாது. வேரைச் சுத்தி வலை மாதிரி அங்கயே தங்கிடும். நூறு வருஷமா எல்லாரும் அதை வெறும் எச்சம், வேலைக்காவாதுன்னு சொன்னாங்க. இப்ப என்ன சொல்றாங்க? அதுங்கதான் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கற மெத்தையக் காப்பாத்துதாம்! அதுங்க இல்லன்னா பல்லு எலும்போட ஒட்டிக்கும்ங்கறாங்க. புதுசா திசு உண்டாக்கற ஸ்டெம் செல்லாவும் அதுங்க மாற முடியுமாம்." அவருடைய கண்கள் கலங்கின. "யோசிச்சுப் பாருங்க. வேலை முடிஞ்சு போச்சு. எல்லாரும் போகச் சொல்றாங்க. ஆனா போகல! எடத்தை விட்டு நகராம உட்கார்ந்துக்கிட்டு, கட்டடமே நம்மாலதான் நிக்குதுன்னு காட்டுதுங்க. ஒரு நிறுவனத்தை நடத்தறவனுக்கு இதைவிடப் பெரிய வழிகாட்டி உண்டா?"

மூலையில் நின்ற துர்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அஞ்சலாட்சி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப பல்லப் புடுங்கிட்டா அதுங்க எங்க சார் போவும்?" என்றாள்.

இயக்குநர் ராமலிங்கத்தைப் பார்த்தார். ராமலிங்கம் கூரையைப் பார்த்தார். அதற்கு ஒரு துணைக்குழு போடுவதென்று அங்கேயே முடிவானது.

"பாதி வேரோடயே ஒட்டிக்கிட்டு வந்துடும்க்கா" என்று துர்கா மெதுவாகச் சொன்னாள். "அதைத்தான் சுரண்டி எடுத்து வளர்ப்போம். ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள எடுத்துடணும். இல்லன்னா செத்துடும்."

துணைக்குழு போட்ட பிறகு பதில் வந்ததால், அந்தப் பதிலை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்து ராமலிங்கம் படிவத்தை எடுத்தார். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளில் பதினொரு பக்கம்.

"வலி இருக்கா?"

"உயிரு போவுது சார்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. வலி இருந்தா நீங்க நோயாளி. நோயாளின்னா உள்ள விட முடியாது. வலி இல்லன்னு போட்டுக்கட்டுமா?"

"இருக்கறத இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

ராமலிங்கம் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் இப்படி எழுதினார்: 'கொடையாளர் தம் பல்லின் இருப்பை இடைவிடாது உணர்ந்து வருகிறார்.'

அஞ்சலாட்சி கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்து காலைச் சாப்பாட்டைக்கூடத் தவிர்த்திருந்தாள். சர்ஜன் பூர்ணிமா வந்து வாயைப் பார்த்தார். "அரை மணி நேர வேலை. நரம்புல படாம எடுத்துடலாம். இப்பவே எடுக்கலாமே" என்றார்.

இயக்குநருக்கு அதிர்ச்சி. "இப்பவேவா? நிலையத்தோட முதல் பல்லு டாக்டர்! யாருக்கும் தெரியாம எடுத்துட்டா அது எப்படி முதல் பல்லாகும்?"

விழாவாக எடுப்பதென்று முடிவானது. அதற்கு மாண்புமிகு விருந்தினர் ஒருவர் வேண்டும். பிரான்சிலிருந்து ஒரு பேராசிரியை வேண்டும். இருவருக்கும் ஒத்து வரும் தேதி நாற்பத்தோராவது நாளில்தான் கிடைத்தது. அதுவரை கொடையாளர் பல்லை வேறு எங்கும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று அஞ்சலாட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. 'மேற்படி பல் தங்கள் வாயில் இருப்பினும், அது நிலையத்தின் எதிர்காலச் சொத்து என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தற்காலிகப் பாதுகாவலர் என்ற முறையில் அதனைத் தாங்கள் பொறுப்புடன் பராமரிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

அஞ்சலாட்சி வேறிடம் பார்க்காமல் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், "உதடு மரத்தாலும் மரக்கும், சொல்ல முடியாது" என்றார்கள். உதட்டைப் பணயம் வைக்க அவளுக்குத் துணிவில்லை. பூர்ணிமாவின் கைக்காகக் காத்திருந்தாள்.

வாரம் ஒரு முறை கன்னம் வீங்கும். மாத்திரை போட்டால் வடியும். வீங்காத நாட்களில் துறைமுகத்துக்குப் போய் ஏலம் கூற முயன்றாள். வாய் முழுக்கத் திறக்காததால் சத்தம் மூக்கு வழியாக வந்தது. ஐந்து படகுகளில் இரண்டு படகுக்காரர்கள், "வினோதாவே இருக்கட்டும்க்கா, நீ ஒடம்பப் பாரு" என்று அன்பாகச் சொன்னார்கள். அஞ்சலாட்சி தன் கூடையை எடுத்து ஓரமாக வைத்தாள். பதினேழு வயதில் மாமியாரின் கூடையைத் தூக்கிக்கொண்டு இந்தத் துறைக்கு வந்தவள். இங்கே நிற்க ஓர் இடம் பிடிக்க இருபது வருடம் கத்தியிருக்கிறாள்.

இருபதாம் நாள், ஏலம் உச்சத்தில் இருக்கும்போது ராமலிங்கம் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு பதிவேடு, டார்ச் லைட். பேன்ட்டின் காலை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார்.

"கள ஆய்வும்மா. சொத்து இருந்த இடத்துல இருக்கான்னு மாசம் ஒரு தடவை பாக்கணும். வாயத் திறங்க."

"இங்கயா சார்?"

"பல்லு எங்க இருக்கோ அங்கதான் ஆய்வு."

வஞ்சிரக் கூடைகளுக்கு நடுவில் அஞ்சலாட்சி திறக்க முடிந்த அளவு வாயைத் திறந்தாள். ராமலிங்கம் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். கடலூரிலிருந்து வந்த வியாபாரிகள் இரண்டு பேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து, "என்ன சரக்கு? என்ன சரக்கு?" என்று கேட்டார்கள். ராமலிங்கம் கண்டிப்பான குரலில், "இது விற்பனைக்கு இல்ல" என்றார். பிறகு பதிவேட்டில் 'பல் ஒன்று, உள்ளது, ஆடவில்லை' என்று எழுதி, மீன் செதிலில் வழுக்கி விழுந்து, எழுந்து போனார்.

அன்று முழுக்கத் துறைமுகம் சிரித்தது. அஞ்சலாட்சியும் சிரித்துத்தான் பார்த்தாள். வலது பக்கம் ஒத்துழைக்கவில்லை.

விழா அழைப்பிதழ் வந்தது. அதில் அவள் பெயர் 'பல்கொடை வள்ளல் அஞ்சலாட்சி அம்மையார்' என்றிருந்தது. பூர்ணிமாவின் பெயர் கடைசியில், பந்தல் அமைப்பாளரின் பெயருக்குக் கீழே இருந்தது. துர்காவின் பெயர் இல்லை. ஒத்திகை ஒன்றும் நடந்தது. மாண்புமிகு விருந்தினர் நாடா வெட்ட வேண்டுமே, நாடாவை எங்கே கட்டுவது என்று மத்தியானம் முழுக்க விவாதித்தார்கள். பல்லிலேயே கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பூர்ணிமா அறையை விட்டு வெளியே போய்விட்டார். கடைசியில் பல் எடுக்கும் இடுக்கியில் கட்டுவதென்று முடிவானது.

விழா நாளன்று நிலையத்தின் முன்னால் பந்தல் போட்டு, மேடையில் பல் மருத்துவ நாற்காலியைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மாலை போட்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரல்படி பத்து மணிக்குப் பல் எடுப்பு. ஆகவே பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மரத்துப்போகும் ஊசியைப் போடச் சொல்லிவிட்டார் ராமலிங்கம்.

"விருந்தினர் வரட்டுமே சார்" என்றார் பூர்ணிமா.

"நிரல்ல இருக்கு டாக்டர். நிரல மாத்தணும்னா நிரல் குழு கூடணும்."

ஊசி போட்டார்கள். அஞ்சலாட்சியின் பாதி உதடு மரத்துப்போனது. ஒன்றரை மாதத்தில் முதல் முறையாக வலி நின்றது. பின்னால், மேடைக்குக் கீழே, துர்கா ஒரு பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லைப் போடும் குப்பியில் செல்களுக்கான திரவத்தைக் காலை ஆறு மணிக்கே கலந்து வைத்திருந்தாள்.

மாண்புமிகு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் உதடு பாதி தெளிந்துவிட்டது. பிரெஞ்சுப் பேராசிரியை பத்து மணியிலிருந்தே முதல் வரிசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் வரவேற்றார். முப்பது நிமிடம். "இந்த நிலையம் ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு பல்லைக்கூட வீணாக்கியதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றபோது கைதட்டல் எழுந்தது. மாண்புமிகு விருந்தினர் பேசினார். இருபத்தைந்து நிமிடம். "ஸ்டெம் செல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. ஆனால் அது நம் மாநிலத்துக்கு வர வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான்" என்றார். அதற்கும் கைதட்டல். பிறகு பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள். மருத்துவ நாற்காலியில் சாய்ந்திருந்த அஞ்சலாட்சிக்கு மூன்று பொன்னாடைகள் விழுந்தன. வெயிலில் வியர்த்துக் கொட்டியது.

பூர்ணிமா இரண்டாவது ஊசி போட்டார். குனிந்து அவள் காதில், "இதுக்கு மேல இன்னைக்கு ஊசி போட முடியாதுக்கா. இது தெளியறதுக்குள்ள எடுத்துடணும்" என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது.

ஒலிபெருக்கியில் ராமலிங்கம் அறிவித்தார்: "அடுத்ததாக நிலையத்தின் ஐந்தாண்டு அறிக்கை வாசிக்கப்படும். அதனைத் தொடர்ந்து பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அதனைத் தொடர்ந்து..."

அஞ்சலாட்சி எழுந்தாள். பொன்னாடைகள் நழுவி விழுந்தன. வலி செத்துப் போனதால் தாடை இளகியிருந்தது. நாற்பது நாளாக நெஞ்சுக்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை.

"ஒரு பல்லு! ஒரே பல்லு! வேரோட பல்லு! எவ்ளோ நேரத்துல எடுப்பீங்க? கேளுங்க, கேளுங்க!"

பந்தல் அடங்கியது.

"யாரு கம்மியாக் கேக்கறாங்களோ அவங்களுக்குத்தான் பல்லு! கேளுங்க சார்! இன்னா எல்லாரும் வாய மூடிட்டீங்க? எனக்குத்தானே வாயி தொறக்கல?"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, இயக்குநர் தன்னையறியாமல், "அறிக்கை முடிஞ்சதும்... ரெண்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு மணி நேரம்! இயக்குநர் ரெண்டு மணி நேரம்! அதுக்குக் கொறைவு?"

"ஒன்றரை!" என்றார் ராமலிங்கம். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒன்றரை! கண்காணிப்பாளர் ஒன்றரை! அதுக்கும் கொறைவு? கேளுங்க, வெயிலு ஏறுது!"

"ஒரு மணி நேரம்" என்று மாண்புமிகு விருந்தினர் உற்சாகமாகக் கையைத் தூக்கினார். ஏலம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முன்வரிசையில் நாற்பது நிமிடம், முப்பத்தைந்து என்று குரல்கள் எழுந்தன. அவர்களில் ஒருவருக்கும் பல் பிடுங்கத் தெரியாது.

"இருபது" என்றார் பூர்ணிமா. "உள்ள இருக்கற அறையில. இப்பவே."

"இருபது நிமிஷம்! டாக்டரம்மா இருபது! ஒரு தரம்! ரெண்டு தரம்!" அஞ்சலாட்சி பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மூணு தரம்!"

அஞ்சலாட்சியும் பூர்ணிமாவும் துர்காவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஐந்தாண்டு அறிக்கை வாசிக்கப்பட்டது. பதினெட்டாம் நிமிடத்தில் பல் வெளியே வந்தது. பூர்ணிமா பருத்தித் துணியைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, கீழுதட்டைத் தொட்டு, "மரப்பு போனதும் இங்க தொட்டா தெரியணும், தெரியலன்னா எனக்குப் போன் பண்ணுங்க" என்றார். மாலை மூன்று மணிக்கு உதட்டில் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. அஞ்சலாட்சி அழுதாள்.

பல்லின் கதை வேறு. துர்கா அதைக் குப்பியில் போட்டு எடுத்து வந்தபோது, ஆய்வகத்துக்குள் எந்தப் பொருள் போவதானாலும் சரக்குப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று ராமலிங்கம் மறித்தார். பதிவேட்டில் ஏற்ற, பொருள் புதியதா, பயன்படுத்தியதா என்று எழுத வேண்டும். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் பல் பயன்படுத்திய பொருள்தான். ஆனால் பயன்படுத்திய பொருளை வாங்க நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. இதைத் தீர்மானிக்கத் திங்கட்கிழமை குழு கூடும் என்றார். அன்று வெள்ளிக்கிழமை.

துர்கா குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். எல்லோரும் விழாச் சாப்பாட்டுக்குப் போனதும் ஆய்வகத்துக்குள் போனாள். வேரின் நடுப்பகுதியில் ஒட்டியிருந்த மெல்லிய சவ்வைச் சுரண்டினாள். அதைக் கரைத்து, செல்களைப் பிரித்து, தட்டில் ஊற்றினாள். பிறகு செல் வளர்க்கும் பெட்டியின் நெகிழித் தாளைக் கத்தரிக்கோலால் கிழித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது.

மூன்று வாரம் கழித்து அஞ்சலாட்சிக்குப் போன் வந்தது. "வந்து பாருங்கக்கா" என்றாள் துர்கா.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாள் அஞ்சலாட்சி. நீள நீளமான செல்களுக்கு நடுவில், கல் பாவிய தெரு போல, சின்னச் சின்னச் செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருந்தன.

"இதுங்கதானா?"

"இதுங்கதான். நாலு நாளைக்கு முன்னாடி பத்துப் பன்னண்டுதான் இருந்துச்சு. இப்ப எண்ண முடியல."

"யாரும் வேணாம்னு சொன்னதுங்க" என்றாள் அஞ்சலாட்சி. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "சோறு தண்ணி யாரு குடுக்கறது?"

"நான்தான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. ஞாயித்துக்கிழமையும் வருவேன்."

செல்கள் வளர்ந்த செய்தி மேலே போனதும் துர்காவுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. குற்றம்: 'உரிய அனுமதியின்றிச் செல்களை வளரவிட்டமை.' அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: 'அவை தாமாகவே வளர்ந்தன.' வேலையை விட்டு நீக்க உத்தரவு தயாரானபோது செய்தி பிரான்சுக்கும் எட்டி, பிரெஞ்சுப் பேராசிரியையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செல்களை எப்படி வளர்த்தீர்கள், எந்தத் திரவம், எத்தனை நாள் என்று பன்னிரண்டு கேள்விகள். இயக்குநர் மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் நீக்க உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. துர்காவின் பணியிடம் 'மிகை, தற்காலிகம், இன்றியமையாதது' என்று திருத்தப்பட்டது. இயக்குநருக்கு நான்காவது நீட்டிப்பு கிடைத்தது.

துறைமுகத்தில் வினோதா மூன்று படகுகளைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டைக் கொடுக்கவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளின் முன்னால் நின்று போட்டி போட்டுக் கத்தினார்கள். வியாபாரிகளுக்கு முன்பைவிடக் காது வலித்தது.

நவம்பர் மாதம் அஞ்சலாட்சிக்கு நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் செல்கள் நலமாக உள்ளன. கொடையாளர்கள் ஆண்டுக்கொருமுறை உயிர்ச்சான்று அளிக்க வேண்டும் என்ற விதிப்படி, தாங்கள் உயிருடன் இருப்பதற்கான சான்றினை இம்மாத இறுதிக்குள் சமர்ப்பிக்கவும்.' ஊரில் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள்தான் இப்படி வருடா வருடம் போய் நிற்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

நேரே போனாள்.

"பொன்ழூர்" என்றார் ராமலிங்கம். "சான்று கொண்டாந்தீங்களா?"

"நானே வந்திருக்கேனே சார்."

"நீங்க வந்தது சரி. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு யாராவது கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களா?"

"என்னப் பாத்தா எப்டி இருக்கு?"

"பாக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா."

துர்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். சிரிக்காமல் சொன்னாள்: "சார், இவங்க செல்லு மேல பெட்டியில உயிரோட இருக்கு. போன வாரம் நீங்கதானே பதிவேட்டுல 'உயிருடன் உள்ளன'ன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

ராமலிங்கம் பதிவேட்டைப் புரட்டினார். கையெழுத்து இருந்தது. அவருடையதுதான். பத்து நிமிடம் யோசித்து, ஒரு தாளை எடுத்து, தெளிவான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். 'கொடையாளரின் செல்கள் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டுள்ளதால், கொடையாளரும் அடுத்த அக்டோபர் முடிய உயிருடன் இருப்பதாகக் கருதப்படுகிறார்.'

அஞ்சலாட்சி அதை இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப நாளைக்கு நான் ஏலத்துக்குப் போலாமா சார்?"

ராமலிங்கம் பேனாவை மூடினார். "அதுக்கு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றார்.